மங்கலச் சொல்லும் மறைப்புச் சொல்லும்

ஒன்றை உள்ளதைவிட நல்லதாகக் காட்டும் பேச்சுக்கு யாழ்ப்பாணத் தமிழில் பெயர்கள் பல. கொக்குவிலில் இருந்துகொண்டு தமிழ் படிப்பிக்கும் எனக்கு அவற்றில் அரைவாசி புத்தகத்தில் கிடைத்தவை அல்ல. திருநெல்வேலிச் சந்தையில் காதில் விழுந்தவை. ‘சோடிச்சுக் கதைக்கிறான்’, ‘பூசி மெழுகாதை’, ‘உதெல்லாம் பம்மாத்து’, ‘சப்பைக்கட்டுக் கட்டுறியள்’, ‘சாயம் வெளுத்துப் போச்சு’ என்று நாள்தோறும் கேட்கிறோம்.

இவை எல்லாம் ஒரே பொருள் தருபவை போலத் தோன்றும். நின்று பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு வேலையைச் சொல்கிறது. சோடித்தல் என்பது இருப்பதோடு மேலதிகமாகச் சேர்ப்பது. பூசி மெழுகுதல் மண்வீட்டுக் காலத்துச் சொல். வெடிப்பு அப்படியே இருக்க, அதன்மேல் சாணமும் மண்ணும் இழுத்துவிடுவது. முலாம் தட்டாரிடமிருந்து வந்தது. மலிவான உலோகத்தின் மேல் மெல்லிய பொன்தோல். அந்தச் சொல்லும் ‘முலம்மா’ என்ற அறபுச் சொல்லின் வழியாக, பாரசீகம், உருது கடந்து எமக்கு வந்தது. மினுங்கச் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். சாயம், துணி தோய்ப்பவரின் சொல். சப்பைக்கட்டு, உறுதியில்லாத ஒன்றுக்கு உறுதியில்லாத இன்னொன்றை முண்டு கொடுப்பது.

கவனித்தால் இவற்றில் பெரும்பாலானவை கைத்தொழிற் சொற்கள். மேற்பரப்பில் எவ்வளவு வேலை செய்தாலும் உள்ளே இருக்கும் பொருள் மாறாது என்பது தொழில் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் கலியாணவீட்டுச் சோடினையை யாரும் குறை சொல்வதில்லை. வாழைமரம் கட்டுவதும் பந்தல் போடுவதும் ஏமாற்றாகாது. அப்படியானால் சொல்லைச் சோடிப்பது எப்போது பண்பு, எப்போது குற்றம்? இந்தக் கேள்விக்குத் தமிழ் இலக்கணமும் இஸ்லாமிய அறிவுமரபும் சேர்ந்தே பதில் தருகின்றன என்பது என் எண்ணம்.

மங்கலமும் கினாயாவும்

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாக வகுக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக்கூடாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். ‘கால் கழுவி வருதல்’ என்று உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். அமங்கலமானதை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் அந்த வகை. ஒரு கூட்டத்தார் பிறருக்கு விளங்காமல் தமக்குள் பேசுவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்களாம்.

இன்றைக்கும் நாம் இதை விடவில்லை. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது ‘போறன்’ என்று சொல்ல மாட்டோம். ‘போட்டு வாறன்’ என்போம். கொடிய நஞ்சுள்ள பாம்பு ‘நல்ல பாம்பு’ ஆகிறது. எமது ஆட்கள் ‘மௌத்தாகிவிட்டார்’, ‘வபாத்தானார்’ என்போம். அதே ஊரில் அயலவர் ‘செத்தவீடு’ என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்வதும் உண்டு. மங்கலம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை ஒவ்வொரு சமூகமும் தானே தீர்மானித்துக்கொள்கிறது.

அறபு மொழியிலும் இதே குணம் இருக்கிறது. பாலைவனத்தை அறபிகள் ‘மஃபாஸா’ என்றார்கள். தப்பிப் பிழைக்கும் இடம், வெற்றி பெறும் இடம் என்று பொருள். பாம்பு கடித்தவனை ‘ஸலீம்’, அதாவது சுகமாக இருப்பவன் என்று அழைத்தார்கள். எமது நல்ல பாம்பும் அவர்களின் ஸலீமும் ஒரே மனத்தில் பிறந்த சொற்கள். குர்ஆனும் மலசலத் தேவையைக் குறிக்க ‘ஃகாயித்’ என்ற சொல்லையே எடுத்தாள்கிறது. அதன் நேர்ப்பொருள் தாழ்வான நிலம். கணவன் மனைவி உறவைத் தொடுதல் என்ற சொல்லால் குறிப்பதாகவும் முஃபஸ்ஸிர்களில் பலர் விளக்கியுள்ளனர். அறபு அணியிலக்கணத்தில் இதற்குக் கினாயா என்று பெயர். இடக்கரடக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான அறபுச் சொல்லைத் தேடத் தேவையில்லை.

இந்தச் சொற்களால் யாரும் ஏமாறுவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். ‘துஞ்சினார்’ என்று கேட்டவர் அவர் நாளைக்கு எழும்புவார் என்று காத்திருப்பதில்லை. ‘நல்ல பாம்பு’ என்றதால் யாரும் அதைக் கையில் தூக்குவதில்லை. உண்மை கேட்பவருக்கு முழுதாகப் போய்ச் சேர்கிறது. அதன் கூர் மட்டும் மழுக்கப்படுகிறது. கேட்பவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காகப் போர்த்திய போர்வை அது.

தத்லீஸ்: பொய் சொல்லாமல் ஏமாற்றுவது

இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்த்ததும், மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்ததும் நாம் எல்லோரும் அறிந்த ஹதீஸ். மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே, மக்கள் பார்த்து வாங்குவார்களே என்பதாக நபியவர்களின் கேள்வி இருந்தது. வியாபாரி ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. குவியலை அடுக்கிய விதம் பொய் சொன்னது. எங்கள் சந்தையில் இதற்குச் சரியான பேச்சு உண்டு: ‘மேலை நல்லதைப் பரப்பி அடியிலை சூத்தையைப் போட்டிட்டான்.’

விற்கப்போகும் ஆட்டின் பாலைச் சில நாட்கள் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கிக் காட்டுவதையும் ஹதீஸ் தடுக்கிறது. வாங்கியவர் கறந்து பார்த்து ஏமாற்றம் கண்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஃபிக்ஹ் அறிஞர்கள் இந்த வகை மறைப்பைத் ‘தத்லீஸ்’ என்றார்கள்.

ஹதீஸ் கலையிலும் இதே சொல் வருகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்புத் தருவது. அறிவிப்பாளர் ஒருவர் தான் நேரில் கேளாத ஒன்றை, கேட்டது போலத் தோன்றும்படி சொல்வது தத்லீஸ். ‘நான் கேட்டேன்’ என்று அவர் சொன்னால் அது வெளிப்படையான பொய். எனவே ‘அவரிடமிருந்து’ என்று பொருள்படும் ‘அன்’ என்ற சிறு சொல்லைப் போட்டு நிறுத்திவிடுவார். ‘அன்’ பொய்யில்லை, இடையில் ஒருவர் விடுபட்டிருப்பதை அது காட்டவில்லை, அவ்வளவுதான். இன்னொரு வகையில், தன் ஆசிரியர் பலவீனமானவர் என்று அறியப்பட்டிருந்தால், அவரை யாருக்கும் தெரியாத வேறொரு பெயரால் குறிப்பிடுவதும் உண்டு. இப்னு ஹஜர் அல்அஸ்கலானி இத்தகைய அறிவிப்பாளர்களை ஐந்து தரங்களாக வகுத்துத் தனிநூலே எழுதினார். தத்லீஸ் செய்பவர் என்று அறியப்பட்ட ஒருவர் ‘அன்’ என்று சொன்னால், பொதுவாக அதை அப்படியே ஏற்கமாட்டார்கள். நேரில் கேட்டதைத் தெளிவாகச் சொன்னாரா என்று தேடுவார்கள்.

ஒரு சிறிய இடைச்சொல்லுக்குள் ஓர் ஆள் காணாமற்போகலாம் என்பதைக் கண்டுபிடித்து, அவரைத் தேடிப் பிடிக்க ஒரு கலையையே வளர்த்தது எமது மரபு. இந்தக் கண்ணோடு எமது நாட்டின் கடந்த 40 ஆண்டுச் சொற்களைப் பார்க்க வேண்டும்.

தன்வினை என்னும் போர்வை

எட்டாம் வகுப்பிலேயே தன்வினை, பிறவினை படிப்பிக்கிறோம். பெயர்ந்தான் தன்வினை, பெயர்த்தான் பிறவினை. வெளியேறினான் தன்வினை, வெளியேற்றினான் பிறவினை. பிள்ளைகள் மனப்பாடம் செய்து புள்ளி எடுத்துவிட்டு மறந்துபோகும் பாடம் இது. ஆனால் இந்த நாட்டில் ஒரு சமூகத்தின் வரலாறே இந்த ஒரு ‘ற்’ இல் தங்கியிருக்கிறது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒலிபெருக்கி மூலம் ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி கட்டளையிட்டார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். இதைச் சொல்லப் பிறகு வந்த பொதுச்சொல் ‘இடம்பெயர்ந்தோர்’. அது தன்வினை. மாரிகாலத்தில் கொக்கு இடம்பெயர்வது போல, ஆட்கள் தாமாகப் போனது போன்ற ஒலி அதில் இருக்கிறது. பின்னாளில் நிவாரணக் கணக்குகளுக்காக 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் ‘பழைய’ இடம்பெயர்ந்தோர் என்றும் அதன்பின்னர் இடம்பெயர்ந்தவர்கள் ‘புதிய’ இடம்பெயர்ந்தோர் என்றும் பிரிக்கப்பட்டார்கள். ‘பழைய’ என்ற அடை ஒன்று சேர்ந்ததும், அந்த மக்களின் தேவையும் பழையதாகி வரிசையில் பின்னுக்குப் போனது.

அதே ஒக்டோபர் 30, ஐந்து ஆண்டுகளின்பின் 1995இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் ஊரைவிட்டு நடந்தார்கள். கொக்குவிலும் வெறுமையானது. அவர்களை நோக்கி வந்த இராணுவ நடவடிக்கையின் பெயர் ‘ரிவிரெச’, தமிழில் சூரியக்கதிர். எவ்வளவு அழகான பெயர்! அந்த நாளை இங்கே ‘பெரிய இடப்பெயர்வு’ என்பார்கள். அதிலும் துரத்திய படையும் இல்லை, போகச் சொல்லி அறிவித்த இயக்கமும் இல்லை. இரண்டு சமூகங்களின் காயத்தின்மேலும் ஒரே தன்வினைதான் போர்த்தப்பட்டிருக்கிறது.

கொக்குவில் இதற்கு முன்னரே இன்னோர் அழகான பெயரைக் கண்டது. 1987 ஜூலை 29இல் கைச்சாத்தான ஒப்பந்தத்தின்படி வந்தது ‘இந்திய அமைதி காக்கும் படை’. அந்த ஒக்டோபரில் போர் மூண்டது. பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி ஹெலிகொப்டரிலிருந்து படையினர் இறங்கிய இரவைத் தொடர்ந்து, கொக்குவில் பிரம்படியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதே மாதம் கொக்குவில் இந்துக் கல்லூரியில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களும் ஷெல்லுக்குப் பலியானார்கள். கிராமங்களைக் குண்டுபோட்டு அழிப்பதற்கு ‘அமைதிப்படுத்தல்’ என்று பெயரிடுவதை ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1946இலேயே ஒரு கட்டுரையில் சுட்டிக்காட்டியிருந்தார். பிகாரில் பிறந்து, பர்மாவில் பொலிஸ் வேலை பார்த்தவர் அவர். ஆட்சியாளரின் சொற்கள் எப்படி வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கொக்குவிலார் ஓர்வெலைப் படித்துத் தெளியவில்லை. அவர்கள் தாமாகவே அந்தப் பெயரைக் கழற்றிவிட்டார்கள். இன்றும் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: ‘இந்தியன் ஆமி இருந்த காலம்’ என்பார்கள். அமைதி என்ற சொல் அந்த வாயில் வராது.

2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், ராஜீவ் காந்தி கொலை பற்றிய கேள்விக்குத் ‘துன்பியல் சம்பவம்’ என்று பதில் வந்தது. துன்பியல் எங்கள் நாடக இலக்கியத்தில் வழங்கும் சொல். துன்பியல் நாடகத்தில் விதி இருக்கும். சம்பவம் என்பது தானாகச் சம்பவிப்பது. கொலை என்றால் கொன்றவர் யார் என்ற கேள்வி வரும். துன்பியல் சம்பவம் என்றால் கைக்குட்டைதான் வரும். 2009இல் அரசின் பக்கம் நடந்த போர் ‘மனிதாபிமான நடவடிக்கை’ ஆனது. இலட்சக்கணக்கானோரை முட்கம்பிக்குள் அடைத்து வைத்த செட்டிகுளம் முகாம்கள் ‘நலன்புரிக் கிராமங்கள்’ ஆயின. அவற்றின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியோர் பெயர்களையும் சூட்டினார்கள். வெளியே போக அனுமதியில்லாத கிராமம் என்று ஒன்று உலகத்தில் உண்டா?

இப்படித் தத்லீஸ் எல்லாப் பக்கத்திலும் நடந்தது. எனவே இதை ஒருவருடைய குற்றமாக மட்டும் எழுதினால் அதுவும் ஒரு சோடினையாகிவிடும்.

தாய்மார் திருத்திய இலக்கணம்

இந்தப் போர்வையை இலக்கணத்தாலேயே கிழித்தவர்களும் இருக்கிறார்கள். போரிலும் போரின் பின்னும் தொலைந்தவர்களைப் பத்திரிகைகளும் அலுவலகங்களும் நெடுங்காலம் ‘காணாமல் போனோர்’ என்றே எழுதிவந்தன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரிலும் காணாமற்போதலே இருக்கிறது. போனார் என்பது தன்வினை. திருவிழாச் சனத்துக்குள் குழந்தை காணாமற்போகும். இராணுவத்திடம் கையளித்த மகன் எப்படிக் காணாமற்போவான்?

2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வேறு இடங்களிலும் வீதியோரம் குந்திய தாய்மார் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். ‘வலிந்து’ என்ற சொல்லையும் முன்னால் சேர்த்தார்கள். இன்று செய்தியாளரும் அரசியல்வாதிகளும் அந்தச் சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். வினையை மாற்றியவுடன் கேள்வியும் மாறியது: ‘எங்கே போனார்?’ என்பது போய், ‘ஆக்கியவர் யார்?’ என்பது வந்தது. பெரிய படிப்பு இல்லாத தாய்மார் பலர் சேர்ந்து தமிழ் மொழிக்குச் செய்த திருத்தம் இது. ‘அன்’ என்பதை ஏற்காமல், ‘யாரிடம் கேட்டாய்?’ என்று விசாரித்த ஹதீஸ்கலை அறிஞர்களின் வழியும் இதுவே.

எமது சமூகத்திலும் இந்த முயற்சி நடக்கிறது. ‘இடப்பெயர்வு’ என்பதை விட்டு ‘வெளியேற்றம்’ என்றும், ‘பலவந்த வெளியேற்றம்’ என்றும் எழுதுகிறோம். இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புவோர் ‘இனச்சுத்திகரிப்பு’ என்கிறார்கள். குற்றத்தின் பாரத்தைச் சொல்ல உலகம் ஏற்றுக்கொண்ட சொல் அது என்பது உண்மை. ஆனால் அதன் உள்ளே இருப்பதும் முலாம்தான். சுத்திகரிப்பது அழுக்கை. அந்தச் சொல்லை நாமே சொல்லும்போது, அங்கே அழுக்கு என்று எண்ணப்பட்டவர்கள் யார்? துரத்தியவர் பார்வையில் பிறந்த சொல்லைத் துரத்தப்பட்டவர் சுமப்பதா என்பது யோசிக்க வேண்டியது. எனக்கு ‘துரத்தினார்கள்’ என்ற பேச்சுத் தமிழ்ச் சொல்லே போதும். அதில் எழுவாயைக் கேட்காமல் ஒருவரும் தப்ப முடியாது.

எமது வீட்டுக்குள் உள்ள சொற்கள்

அரசுகளையும் இயக்கங்களையும் மட்டும் உரசிப் பார்த்துவிட்டு எமது வீட்டை விட்டுவிட்டால் நியாயமில்லை. திருமணத்தில் மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டியது மஹர். நடைமுறையில் பெண்வீட்டிலிருந்து மாப்பிள்ளை பக்கம் போகும் பணத்தை இலங்கை முஸ்லிம்களிடையே ‘கைக்கூலி’ என்பார்கள். பொதுத்தமிழில் கைக்கூலி என்றால் நாட்கூலி, அல்லது இலஞ்சம். பழைய ஆட்கள் குறைந்தபட்சம் பெயரையாவது மறைக்காமல் வைத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இந்தச் சொல்லுக்குப் பொருள் கூறுகிறது. மணமகளின் பாவனைக்கென மணமகனிடம் கொடுக்கப்படும் பணம், அல்லது அசையும் சொத்து என்பது அதன் சாரம். மனைவி அதைக் காதி நீதிமன்றத்தில் திரும்பக் கேட்கலாம். சட்டத்தின்படி அது அவளுடைய சொத்து. மாப்பிள்ளை கையில் இருப்பது ஓர் அமானத்து. ஆனால் ‘மாப்பிள்ளைக்குக் கொடுத்தது’ என்றே கதைக்கிறோம். அவர் கடை போடவும் தங்கைக்குச் சீதனம் கொடுக்கவும் அது போய்விடுகிறது. கைக்கூலி என்று கேட்க வெட்கப்படுகிறவர்கள் இப்போது ‘அன்பளிப்பு’ என்கிறார்கள். ‘நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை, உங்கடை மகளுக்கு நீங்கள் விரும்பிச் செய்யிறதைச் செய்யுங்கோ’ என்பது மிக முன்னேறிய வடிவம். அயல் இந்துக் குடும்பங்களில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போகும் காசு ‘டொனேஷன்’ ஆவதும் இதே வழியில்தான். பெயர் மெலிய மெலியத் தொகை கூடிக்கொண்டு போகிறது.

ஸகாத் வசூலித்து வந்த ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தன் பெற்றோர் வீட்டில் இருந்திருந்தால் அந்த அன்பளிப்புத் தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அலுவலகத்தில் ‘சந்தோஷமாகக் குடுக்கிறது’, ‘தேத்தண்ணிக்கு’ என்று சொல்லப்படும் காசுக்கும் இதே கேள்வி பொருந்தும். கலியாணமே இல்லாவிட்டால் அந்த வீட்டார் அந்த மனிதருக்கு அன்பாக இருபது இலட்சம் அளிப்பார்களா?

மதுவுக்கு வேறு பெயர் சூட்டிக் குடிப்பவர்கள் வருவார்கள் என்ற எச்சரிக்கை அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் உண்டு. உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டத்தின் 3ஆம் விதி, ஒப்பந்தத்தில் கணக்கில் எடுக்க வேண்டியது நோக்கமும் பொருளுமே, வார்த்தையின் வடிவம் அல்ல என்ற கருத்தைச் சொல்கிறது. குழப்பம் செய்யாதீர்கள் என்று சொல்லப்பட்டபோது ‘நாங்கள் சீர்திருத்துபவர்கள்’ என்று பதில் சொன்ன கூட்டத்தை அல்பகரா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சந்திக்கிறோம். குர்ஆனின் 43ஆம் அத்தியாயத்தின் பெயரான ‘ஸுக்ருஃப்’ பொன் அலங்காரத்தைக் குறிப்பது. அதே சொல் அல்அன்ஆம் அத்தியாயத்தில் ஏமாற்றும் பேச்சுக்கு அடையாக வருகிறது. முலாம் பூசிய பேச்சு என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

உரசிப் பார்க்க மூன்று கேள்வி

மாணவருக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். மினுங்கும் சொல் ஒன்று எதிரே வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கேட்பவருக்கு உண்மை முழுதாகத் தெரிகிறதா? வாக்கியத்தின் எழுவாய் எங்கே? இந்தப் போர்வை யாருடைய உடம்பை மூடுகிறது, பட்டவரையா, செய்தவரையா?

மௌத்தானவரின் மனைவியிடம் ‘வபாத்தானார்’ என்று மெதுவாகச் சொல்வது பட்டவரைப் போர்த்துவது. அது மங்கலம், அதை விடக்கூடாது. படிப்பு ஏறாத பிள்ளையை ‘மெல்லக் கற்பவர்’ என்பதும் அந்த வகைதான். அதற்காகப் புள்ளியை மாற்றி எழுதினால் அது தத்லீஸ். ‘காணாமல் போனார்’ என்பது செய்தவரைப் போர்த்துகிறது. ‘இடம்பெயர்ந்தார்’ என்பதும் அப்படியே. ‘அன்பளிப்பு’ வாங்கியவரைப் போர்த்துகிறது.

பரீட்சையில் தன்வினைக்குப் பிறவினை எழுதச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் இப்போது ‘காணாமல் போனார், காணாமல் ஆக்கினார்’ என்றும் ‘வெளியேறினார், வெளியேற்றினார்’ என்றும் எழுதுகிறார்கள். ஒருவருக்கும் நான் புள்ளி குறைத்ததில்லை.